தரை கண்ணாடி மாதிரி இருக்கு என்று இனி யாரும் பாராட்டாதீர்கள்



மூன்று வாரமாக நான் இந்தப் பக்கம் வரவில்லை. "சார், உடம்பு சரியில்லையா?" என்று பலர் விசாரித்திருந்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. என் அக்கா மருத்துவமனையில் இருந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது வீட்டில் இருக்கிறார். அவருக்கு வயது 74. அப்பா இல்லாத வீட்டில் என்னைத் தூக்கி வளர்த்தவர்.

சொந்தக்காரர்களுக்கு விஷயம் தெரியும். மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரியப்பா வீட்டுப் பேரன் கல்யாணம். பெரிய மண்டபம், முழுக்க ஏசி, தரை முழுக்கக் கறுப்பு கிரானைட். மண்டபத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் எழுதினால் அந்த ஒரு மண்டபம்தான் தப்பு என்று மற்ற எல்லோரும் நிம்மதியாகப் போய்விடுவீர்கள். முகூர்த்தம் முடிந்து, மணமேடையில் அட்சதை போட்டுவிட்டு, அக்கா கீழே இறங்கிப் பந்திக்குப் போகும் வழியில் நடந்தார். சாப்பாட்டு ஹால் வாசலில் கால் வழுக்கியது. பக்கவாட்டில் விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை.

அன்றைக்கும் அதற்குப் பிறகும் நான் கேட்ட வார்த்தைகள்தான் இந்தப் பதிவை எழுத வைக்கின்றன.

மண்டப மேனேஜர் சொன்னது: "வயசானவங்க பார்த்து நடக்கணும் சார்."

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியது: "அத்தைக்குப் புதுச் செருப்பு ஒத்துக்கல போல." இன்னொருவர்: "கண்ணு சரியாத் தெரியலையோ என்னவோ."

சொந்தங்களே, கோபித்துக்கொள்ள வேண்டாம். அக்கா மணமேடையில் இருந்து இறங்கி வந்தவர். காலில் செருப்பே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பே கண்புரை ஆபரேஷன் முடிந்து, இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கிறார். விழுந்தவர் மீது பழி போடுவது எவ்வளவு சுலபம் பாருங்கள். தரையைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

தரையைப் பற்றி அன்று காலை பேசியவன் நான் ஒருவன்தான். உள்ளே நுழைந்ததும் கல்யாண வீட்டாரிடம், "பரவாயில்லையே, தரை கண்ணாடி மாதிரி இருக்கு!" என்று பாராட்டினேன். முப்பத்தொரு வருடம் உராய்வு என்றால் என்ன என்று பாடம் நடத்தியவன் சொன்ன வார்த்தை இது. ஆகவே யாரையும் திட்டுவதற்கு முன் என்னைத் திட்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

என் வாதம் இதுதான். மண்டபம், நகைக்கடை, ஜவுளிக்கடை, மருத்துவமனை, ஹோட்டல் என்று பொதுமக்கள் வந்து போகும் எல்லா இடத்திலும் பளபளப்பைச் சுத்தம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நினைப்புக்கு விலை கொடுப்பவர்கள் இரண்டு பேர். வழுக்கி விழுகிற முதியவர் ஒருவர். அந்தப் பளபளப்பை உண்டாக்கக் கையைப் பொசுக்கிக்கொள்கிற தொழிலாளி இன்னொருவர். இருவரும் மண்டபத்துக்காரரிடம் புகார் சொல்லும் நிலையில் இல்லாதவர்கள். அதனால்தான் இது தொடர்கிறது.

கொஞ்சம் பாடம் நடத்துகிறேன். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தரை ஏன் பளபளக்கிறது? மேடுபள்ளம் இல்லாததால் ஒளி சிதறாமல் ஒரே திசையில் திரும்புகிறது. அவ்வளவுதான். அழுக்கு இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்பதைப் பளபளப்பு சொல்லாது. சந்தேகம் இருந்தால் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, பளபளக்கும் தரையில் நாலு தேய் தேய்த்துப் பாருங்கள். நான் அந்த மண்டபத்திலேயே பிறகு ஒருநாள் போய்த் தேய்த்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று வந்தது. அது மண் இல்லை. பல நாள் சோப் ஆயிலும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்த படலம்.

அடுத்து, ஒரு தரை ஏன் வழுக்குகிறது? உலர்ந்த கிரானைட் பெரும்பாலும் வழுக்காது. அதில் தண்ணீர் பட்டதும் கதை மாறுகிறது. நடக்கும்போது குதிகால் தரையைத் தொடும் நொடியில், காலுக்கும் கல்லுக்கும் நடுவில் மெல்லிய தண்ணீர்ப் படலம் மாட்டிக்கொள்கிறது. சொரசொரப்பான தரையாக இருந்தால் அதன் நுண்ணிய மேடுகள் அந்தப் படலத்தைக் குத்திக் கிழித்துக் காலைப் பிடித்துக்கொள்ளும். அந்த மேடுகள் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. வெறும் தண்ணீருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு உயரம் போதும். எண்ணெய், நெய் என்றால் அதைவிடச் சொரசொரப்பு வேண்டும். கண்ணாடி போல மெருகேற்றிய கல்லில் அந்த மேடுகளைத் தேய்த்து எடுத்துவிட்டோம். பிடிக்க ஒன்றுமே இல்லை.

இதை அளக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் உங்களுக்குத் தனி ஊசல் பரிசோதனை செய்து காட்டியிருக்கிறேன், நினைவிருக்கும். அதே ஊசல்தான். ஊசலின் நுனியில் ரப்பர்த் துண்டைப் பொருத்தி, ஈரத் தரையை உரசிக்கொண்டு போகும்படி ஆட விடுவார்கள். உரசல் அதிகமானால் மறுபக்கம் குறைவாக ஏறும். பிரிட்டனில் இந்தச் சோதனையில் 36க்கு மேல் வந்தால் வழுக்கும் ஆபத்து குறைவு, 25க்குக் கீழே வந்தால் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். டைல்ஸ் கடைக்குப் போனால் பெட்டியில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று போட்டிருப்பதையும் பார்க்கலாம். சாய்தளத்தில் எண்ணெய் ஊற்றி அதன் மேல் ஆளை நடக்கவிட்டுச் சோதித்த எண் அது. எண் கூடினால் பிடிப்பு கூடும். வீடு கட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்த எண்ணைப் பார்த்து டைல்ஸ் வாங்கினீர்கள்? நிறம் பார்த்தோம், பளபளப்பு பார்த்தோம், விலை பார்த்தோம்.

இப்போது நம் கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். வாசலில் கோலப்பொடி. வரவேற்பில் பன்னீர் தெளிக்கிறோம், சந்தனம் கொடுக்கிறோம். நடைபாதை முழுக்கப் பூ இதழ் நசுங்கிக் கிடக்கிறது. சாப்பாட்டு ஹாலில் நெய், ரசம், பாயசம். கை கழுவும் இடத்தில் சொட்டச் சொட்டத் தண்ணீர். தரையில் எதெல்லாம் சிந்தக் கூடாதோ அத்தனையையும் சம்பிரதாயமாகச் சிந்துகிற இடம் அது. அந்த இடத்துக்கு நாம் தேர்ந்தெடுத்த தரை, முகம் தெரியும் கறுப்பு கிரானைட். நம் கிருஷ்ணகிரியில் வெட்டியெடுக்கிற கல்லுக்கு ஒரு குறையும் இல்லை. அதே கல்லை நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கி "ஃப்ளேம்டு" என்றும், தோல் போல மங்கலாக்கி "லெதர் ஃபினிஷ்" என்றும் விற்கிறார்கள். கேட்பவர்கள்தான் இல்லை. பழைய கோயில் பிராகாரங்களில் உளியால் கொத்திய கல்லைத்தான் போட்டார்கள். மழையில் வெறுங்காலோடு சுற்றுகிறவர்களை மனதில் வைத்துப் போட்ட கல். நாம் அதைவிடப் புத்திசாலிகள் என்று எண்ணி, இப்போது பல கோயில்களில் அதன் மேலேயே பாலிஷ் கல்லை ஒட்டிவிட்டோம்.

"சார், உங்களுக்குத் தரை பாலிஷ் தொழில் பற்றி என்ன தெரியும்?" என்று யாரும் கேட்கலாம். 1991ல் நான் வீடு கட்டியபோது மொசைக் தரை போட்டேன். பாலிஷ் போட வந்தவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். மெஷினில் முதலில் 60ஆம் நம்பர் கல், பிறகு 120, பிறகு 220 என்று மாற்றி மாற்றித் தேய்ப்பார். தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் தேய்ப்பார், புழுதி பறக்க விடமாட்டார். கல்தூசு நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் தேய்ப்பு முடிந்ததும் ஊசித் துளைகளில் சிமெண்ட் பால் பூசி, அது இறுகும்வரை காத்திருந்து, மறுபடி தேய்த்தார். கூடத்தைப் பளபளவென்று முடித்தவர், குளியலறை வாசலிலும் கிணற்றடிப் பக்கமும் கடைசிக் கல்லைப் போடாமல் விட்டுவிட்டார். எனக்குக் கோபம். "கூலி முழுசா வாங்குறீங்க, இங்க மட்டும் ஏன் மங்கலா இருக்கு?" என்றேன்.

"சார், தரையில முகம் பாக்கவா போறீங்க? ஈரக் காலோட வர்ற இடம். கல்லு கொஞ்சம் கடிக்கணும்" என்றார்.

எட்டாவது தாண்டாத அந்த மனிதருக்குத் தெரிந்தது, கோடிக்கணக்கில் செலவழித்து மண்டபம் கட்டுகிறவர்களுக்குத் தெரியவில்லை என்று நான் சொல்லமாட்டேன். தெரிந்திருக்கும். கேமராவில் நன்றாக விழ வேண்டும் என்ற ஆசை அதை மறைத்துவிடுகிறது.

தரையைப் பராமரிப்பது ஒரு தொழில். படித்துச் செய்ய வேண்டிய தொழில். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். கடினத்தன்மை அளவுகோலில் சுமார் 3. செருப்பில் ஒட்டி வரும் மணலில் இருப்பது குவார்ட்ஸ், கடினத்தன்மை 7. அப்படியென்றால் மணலோடு உள்ளே வருகிற ஒவ்வொரு காலும் மார்பிளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது. அதனால் தொழில் தெரிந்தவர்கள் முதலில் வாசலில் ஏழெட்டு எட்டு வைக்கும் நீளத்துக்கு மேட் போடச் சொல்வார்கள். அடுத்து உலர்ந்த மாப்பால் தூசியை எடுப்பார்கள். தூசி இருக்கும்போதே தண்ணீர் விட்டால் சேறுதானே ஆகும்? பிறகு, அமிலமும் இல்லாத காரமும் இல்லாத நடுநிலையான திரவத்தை, டப்பாவில் போட்ட அளவு மட்டும் கலந்து துடைப்பார்கள். நல்ல தண்ணீருக்கு ஒரு வாளி, அழுக்கை அலசிப் பிழிய ஒரு வாளி. பெரிய இடமென்றால் மெஷின். நிமிடத்துக்கு 150 முதல் 180 சுற்று சுற்றும் ஒற்றை வட்டு மெஷின் தேய்க்கும். இன்னொரு வகை, முன்னால் தேய்த்துக்கொண்டே பின்னால் அழுக்குத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகும். அந்த உறிஞ்சல்தான் முக்கியம். மெஷின் போன பிறகு தரையில் தண்ணீர் தங்காது.

நாம் செய்வது என்ன? ஒரே வாளி, ஒரே மாப். வாசலில் இருந்து மணமேடை வரை அதே தண்ணீர். பாதி ஹால் தாண்டும்போது அது தண்ணீரே இல்லை, எல்லோருடைய காலழுக்கும் கரைந்த கஷாயம். அதைத் தரை முழுக்கப் பூசுகிறோம். வாசனை வர ஒரு மூடிக்குப் பதிலாக நாலு மூடி சோப் ஆயில். அதிகச் சோப்பு அதிகச் சுத்தம் என்பது தப்புக் கணக்கு. அலசாத சோப்பு தரையிலேயே தங்கி, தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை தண்ணீர் பட்டதும் மறுபடி சோப்பாகி வழுக்கும். அக்கா விழுந்த இடத்தில் இருந்தது அதுதான்.

எனக்கு இது எப்படித் தெரியும்? மாப் போட்ட பெண்ணே சொன்னார்.

அக்காவை ஆபரேஷனுக்கு எடுத்துப்போன மறுநாள் மாலை, வார்டு வாசலில் ஒரு பெண் பையோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரத் தயங்கினார். பையில் நாலு சாத்துக்குடி. அக்கா விழுந்தபோது முதலில் ஓடி வந்து தூக்கியவர் அவர்தான் என்று பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. மண்டபத்தில் இருந்து பார்க்க வந்தவர் அவர் ஒருவர்தான். மேனேஜரும் வரவில்லை, முதலாளியும் வரவில்லை. கான்ட்ராக்ட்காரர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாது.

"அம்மா எப்படி இருக்காங்க ஐயா? நான்தான் தண்ணி போட்டேன். கூட்டம் பந்திக்குப் போன பிறகு துடைக்கலாம்னுதான் சொன்னேன். முதலாளி வர்றாரு, தரை பளபளன்னு இருக்கணும்னு சூப்பர்வைசர் சத்தம் போட்டாரு" என்றார். கீழ்த்தளம் முழுக்க இரண்டே பேராம். வாளித் தண்ணீர் மாற்ற வேண்டுமென்றால் பின்பக்கக் குழாய்வரை போக வேண்டும், அதற்கு நேரம் தரமாட்டார்களாம். அக்கா விழுந்த அன்றே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அந்த மாதம் வேலை பார்த்த நாட்களுக்குச் சம்பளமும் வரவில்லை.

ஆகக் கணக்குத் தீர்த்தாயிற்று. விழுந்ததற்கு அக்கா காரணம், தண்ணீருக்கு அந்தப் பெண் காரணம். கூட்டம் நடக்கும் நேரத்தில் துடைக்கச் சொன்னவரும், ஈரத்துக்கு ஆகாத கல்லைப் போட்டவரும், இரண்டாயிரம் பேர் வரும் இடத்துக்கு இரண்டு பேரைப் போட்டவரும் கணக்கிலேயே வரவில்லை.

சாத்துக்குடியைக் கொடுக்கக் கை நீட்டியபோது அவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் வெளுத்து, விரலிடுக்கில் உரிந்து இருந்தது. "ஆசிட் ஐயா. கிளவுஸ் கேட்டா, வாங்கி வச்சிருக்கோம்னு சொல்வாங்க" என்றார்.

பிள்ளைகளே, அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு வேறொரு கை நினைவுக்கு வந்தது. இதைப் பொதுவெளியில் எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் மற்றதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நான் உதவித் தலைமையாசிரியராக இருந்தபோது, அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதற்கு முதல் நாள், பள்ளியில் பெருக்கித் துடைக்கும் ஆயாம்மாவிடம் ஆசிட் கேனைக் கொடுத்துக் கழிப்பறைத் தரையை வெளுக்கக் கழுவச் சொன்னேன். கையுறை கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவர் இருமிக்கொண்டே கழுவினார். அதே நாள் மதியம் வகுப்பில், "அமிலம் தோலை அரிக்கும், ஆய்வகத்தில் கவனமாகக் கையாள வேண்டும்" என்று உங்களில் சிலருக்குப் பாடம் நடத்தினேன். உங்கள் கை கை, அவர் கை கை இல்லை. இதைத்தான் அன்று உண்மையில் கற்பித்திருக்கிறேன்.

அந்த ஆசிட் தரைக்காவது நல்லதா? அதுவும் இல்லை. மார்பிள் துண்டை அமிலத்தில் போட்டால் குமிழி வரும், அந்த வாயு சுண்ணாம்பு நீரைப் பால் போல மாற்றும். மதிப்பெண்ணுக்காக எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். அதே சோதனையைத்தான் மார்பிள் தரையில் ஆசிட் ஊற்றுகிறவர்கள் தினமும் செய்கிறார்கள். கல் கரைந்து கரைந்து மங்கும். மங்கியதும், "பாலிஷ் போயிடுச்சு" என்று மறுபடி பாலிஷ் செலவு. டைல்ஸ் தரையில் ஊற்றினால் இடுக்கில் உள்ள சிமெண்டைத் தின்னும். அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, கொஞ்ச நாளில் டைல்ஸைத் தட்டினால் டொக்கு டொக்கு என்று சத்தம் வரும். அதன் ஆவி பட்டால் எவர்சில்வர் கைப்பிடிகூடத் துருப்பிடிக்கும்.

இதைவிட மோசம், பிளீச்சிங் பவுடரைப் போட்டு அதன் மேல் ஆசிட் ஊற்றுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு நகரப் போர்முனையில் எதிரிகளைக் கொல்லத் திறந்துவிட்ட அதே வாயு. ஜன்னல் இல்லாத கழிப்பறைக்குள் ஒரு பெண்ணை அனுப்பி, இரண்டையும் கலந்து தேய் என்கிறோம். மூச்சுத் திணறி வெளியே வந்தால், "பழகிடும்மா" என்கிறோம். 2013ல் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. முகத்தில் வீசும் கொடுமையைத் தடுப்பதற்காக வந்த உத்தரவு, மிக நல்லது. தினம் கொஞ்சமாகக் கையில் படும் ஆசிட்டுக்காக நாம் யாரும் வழக்குப் போடவில்லை.

ஏன் போடவில்லை என்பதும் நமக்குத் தெரியும். துடைக்கிற வேலையைச் சில சாதிக்காரர்கள் தலையில், அதிலும் பெண்கள் தலையில், தலைமுறை தலைமுறையாகக் கட்டிவிட்டோம். இப்போது சீருடை போட்டு "ஹவுஸ்கீப்பிங்" என்று பெயர் மாற்றியிருக்கிறோம். கான்ட்ராக்ட் என்று நடுவில் ஒரு ஆளை நிறுத்தியதும் நம் கை சுத்தமாகிவிட்டதாக நினைப்பு. கான்ட்ராக்ட்காரர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கிய முதலாளிதான் தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொல்லிவிட்டது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வேண்டும் என்று 2021ல் நம் மாநிலத்தில் சட்டத்திருத்தம் வந்தது. நல்ல சட்டம். ஜவுளிக்கடைக்குப் போகும்போது கவனியுங்கள். புடவை எடுத்துப் போடுகிறவருக்கே ஸ்டூல் அபூர்வம். மாப் பிடித்திருக்கும் அக்காவுக்கு யார் போட்டார்கள்?

இனி, வரப்போகும் பதில்களுக்கு முன்கூட்டியே பதில்.

"மஞ்சள் போர்டு வைத்திருந்தோமே" என்பார்கள். வைத்திருந்தார்கள், மாடிப்படிக்குக் கீழே மடக்கி. விரித்து வைத்திருந்தாலும் அதில் எழுதியிருந்தது ஆங்கிலத்தில். என் அக்காவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். தவிர, போர்டு என்பது எச்சரிக்கை. காய வைப்பதற்குப் பதிலாக எச்சரித்தால் போதும் என்பது என்ன நியாயம்? பள்ளத்தை மூடாமல் பக்கத்தில் போர்டு வைப்பதைத்தானே சாலையில் திட்டுகிறோம்?

"பார்த்து நடக்கணும்" என்பார்கள். மேலே நூறு விளக்கு, கீழே கறுப்புக் கண்ணாடி. ஈரம் எது, விளக்கின் பிரதிபலிப்பு எது என்று இருபது வயதுக் கண்ணுக்கே தெரியாது. அங்கே போய் ஒருமுறை பாருங்கள்.

"செலவாகும் சார்" என்பார்கள். வாசலுக்கு ஒரு சீரியல் விளக்குத் தோரணம், நுழைவாயிலில் ஒரு செயற்கை நீரூற்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாலிஷ். இதற்கெல்லாம் இருக்கும் பணம் இரண்டாவது வாளிக்கும், ரப்பர் கையுறைக்கும், கூடுதலாக இரண்டு பேருக்கும் இல்லையா? அக்காவின் ஆபரேஷன் செலவை நாங்கள் கொடுத்தோம். அந்தப் பெண்ணின் தோல் வைத்தியத்தை அவரே பார்த்துக்கொள்கிறார். உங்கள் தரையின் செலவு குறைவாகத் தெரிவது, அதில் பாதியை நாங்கள் கட்டுவதால்தான்.

"தரை மங்கலா இருந்தா கல்யாண வீட்டுக்காரங்க புக் பண்ண மாட்டாங்க" என்பது கடைசிப் பதில். இது ஒன்றுதான் உண்மையான பதில். இதற்குப் பொறுப்பு நாம். மண்டபம் பார்க்கப் போகும்போது ஏசி கேட்கிறோம், பார்க்கிங் கேட்கிறோம், தரையைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம். நானும் பிளந்தேன்.

ஆகவே இரண்டு தரப்புக்கும் வீட்டுப்பாடம் தருகிறேன்.

கடை, மண்டபம், மருத்துவமனை நடத்துகிற, நிர்வகிக்கிற என் மாணவர்களே! உங்களில் இருபது பேராவது இந்த நிலையில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

ஒன்று: தண்ணீர் சிந்தும் இடங்களில், அதாவது வாசல், கை கழுவும் இடம், சாப்பாட்டு ஹால், படிக்கட்டு, சாய்தளம் ஆகியவற்றில், பாலிஷ் கல் வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் சொரசொரப்பாக்கச் சொல்லுங்கள். அதற்கும் ஆள் இருக்கிறார்கள்.

இரண்டு: கூட்டம் நடமாடும் நேரத்தில் ஈர மாப் வேண்டாம். சிந்திய இடத்தை மட்டும் துடைத்து, உலர்ந்த துணியால் உடனே காய வையுங்கள். முழுத் தரையும் கூட்டம் வருவதற்கு முன்னால், அல்லது போன பிறகு.

மூன்று: ஆசிட் கேனை வெளியே எடுங்கள். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. கையுறை அலமாரியில் இருப்பது போதாது, கையில் இருக்க வேண்டும்.

நான்கு: துடைக்கிறவர் "இப்ப வேணாம், வழுக்கும்" என்று சொன்னால் கேளுங்கள். அந்தத் தரையை உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். அன்று சூப்பர்வைசர் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டிருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்கமாட்டேன்.

சொந்தங்களே, அடுத்த கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கும்போது அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: சாப்பாட்டு ஹால் வாசலில் என்ன கல்? எத்தனை பேர் துடைக்கிறார்கள்? எந்த நேரத்தில்? கேட்டால் சிரிப்பார்கள். பத்து வீட்டார் கேட்டால் சிரிக்கமாட்டார்கள். பன்னீரை வெளி வாசலோடு நிறுத்திக்கொள்ளலாம், எந்தத் தெய்வமும் கோபிக்காது.

கல்யாண வீட்டாருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மீது எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மணமக்கள் இருவரும் அக்காவை வந்து பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வர வேண்டிய சம்பளத்தைக் கேட்டு நான் மண்டபத்துக்கு எழுத்துமூலம் கடிதம் கொடுத்திருக்கிறேன். மண்டபத்தை வாடகைக்கு எடுத்தவர்கள் என்ற முறையில் நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அதற்கு எடை கூடும். இதை உரிமையோடு கேட்கிறேன்.

அக்கா நேற்று வாக்கர் பிடித்துக் கூடத்தில் பன்னிரண்டு அடி நடந்தார். குளியலறை வாசல் வந்ததும் பயந்து நின்றார். "பயப்படாதக்கா, இங்க கல்லு கடிக்கும்" என்றேன். மொசைக்காரர் மங்கலாக விட்டுப்போன அதே இடம். முப்பது வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் பிடிக்கிறது. அந்த மனிதரிடம் அன்று கூலியில் ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டேன். ஆயாம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. இந்த இரண்டு கடனையும் இனி நான் யாரிடமும் அடைக்க முடியாது.

கமெண்டில் "சூப்பர் சார்", "அருமை ஐயா" போட வேண்டாம். நாளை காலை நீங்கள் வேலை செய்யும் இடத்தில், மாப் வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது, பிடித்திருக்கும் கையில் உறை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். எல்லோருடைய பதிலையும் படிப்பேன். திருத்தியும் கொடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் சார்